பெரிய சபையில் எந்தக் குழுவில் சேரலாம்? வீட்டு ஜெபக்கூட்டம், ஐக்கிய சங்கம், பாடகர் குழு: ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வருகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே ஒரு சபையைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றன. அந்தச் சபைக்குள் மனிதர்களைக் கண்டுபிடிக்கத்தான் வருடக்கணக்கில் ஆகிறது. ஊரில் கோயில் மணி அடித்தால் யார் வரவில்லை என்று உபதேசியாருக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் சாயங்காலத்துக்குள் யாராவது கஞ்சியோடு வந்து நிற்பார்கள். இங்கே ஞாயிறு காலையில் இரண்டு மூன்று ஆராதனை. முதல் ஆராதனைக் கூட்டம் வெளியே வரும்போதே அடுத்த ஆராதனைக்கான வண்டிகள் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். ஆசீர்வாதம் முடிந்ததும் வாசலில் ஆயருக்கு ஒரு ஸ்தோத்திரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சிரிப்பு, அத்தோடு வீடு. சந்தா ஒழுங்காகக் கட்டி, ஒரு பண்டிகை விடாமல் வந்தும், ‘நீங்க சபைக்குப் புதுசா?’ என்று இன்னமும் கேட்கப்படுகிற குடும்பங்களை நான் அறிவேன்.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்குத்தான் சபைக்குள் சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கின்றன. குழுக்கள் நிறைய, நம்மிடம் இருக்கிற சாயங்காலங்கள் கொஞ்சம். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் ஒழுங்காகப் போகாமல் இருப்பதால் யாருக்கும் பயனில்லை. அதனால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பமாக இருப்பவர்களும் வயதானவர்களும் முதலில் சேர வேண்டியது தங்கள் வட்டார வீட்டு ஜெபக்கூட்டத்தில். அங்கே வருகிறவர்கள் உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் ஒத்துவராதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைபார்க்கிற பிள்ளைகளுக்கும், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தயங்குகிறவர்களுக்கும் பாடகர் குழுவோ ஞாயிறு பள்ளியோ நல்லது. மற்றவையெல்லாம் இரண்டாவதாகச் சேரலாம்.

சிறு குழு என்பது அமெரிக்காவிலிருந்தோ கொரியாவிலிருந்தோ அண்மையில் வந்த புது முறை என்று சில மூத்தவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆதித் திருச்சபைக்குக் கட்டடமே கிடையாது. ரோமாபுரியில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடுகிற சபையைப் பவுல் வாழ்த்துகிறார். பிலேமோனின் வீட்டிலும் ஒரு சபை இருந்தது. பிற்காலத்தில், 1670-இல், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்பேனர் என்ற போதகர் தம் வீட்டில் ஆட்களைக் கூட்டி, வேதத்தை வாசித்துக் கலந்து பேச வைத்தார். அதிலிருந்து பிறந்த, பயட்டிசம் எனப்படும் ஜெர்மானிய பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேர்விட்டது. அந்த ஹாலேயில் படித்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் தொடக்கத்திலேயே இந்த வீட்டுக்கூட்ட மரபு இருக்கிறது.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டு அடைக்கலாம் என்றார்கள். ஏழைகள் எப்படிக் கொடுப்பார்கள் என்ற கேள்வி வந்தது. ஒருவர் எழுந்து, பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நானே போய் வாங்கிவருகிறேன், கொடுக்க முடியாதவர்களுக்கு என் கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றார். அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு எந்த வீட்டில் என்ன நிலைமை என்று தெரியவந்தது. கடன் அடைக்க ஏற்பட்ட ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறிற்று. மெதடிஸ்டுகளின் ‘வகுப்பு’கள் இப்படித்தான் தொடங்கின. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தவர்களில் அந்த மெதடிஸ்டுகளும் உண்டு.

எந்தக் குழுவை எடைபோடவும் நான் வைத்திருக்கிற அளவுகோல் இந்தப் பென்னிக் கதைதான். அந்தக் குழுவில் யாராவது என் வீட்டு வாசலுக்கு வருவார்களா? இரண்டு வாரம் நான் வராவிட்டால் யாருக்காவது உறைக்குமா? உள்ளதை உள்ளபடி சொன்னால் அது அந்த அறைக்குள்ளேயே நிற்குமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால், பாட்டு நன்றாக இருக்கிறதா, செய்தி ஆழமாக இருக்கிறதா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வட்டார வீட்டு ஜெபக்கூட்டம்

சில சபைகளில் ஏரியா பிரேயர் என்பார்கள், சிலவற்றில் குடும்ப ஜெபக்கூட்டம். ஒரு வட்டாரத்தில் இருபது முப்பது குடும்பங்கள் இருந்தால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். மாதம் ஒன்றிரண்டு தடவை, சுற்றுமுறையில் ஆளுக்கொரு வீடு. ஏழு மணி என்று அறிவித்திருப்பார்கள், ஏழேகாலுக்குத் தொடங்கும். ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருக்கும். மூத்த அம்மா ஒருவர் கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பார், பெரும்பாலும் சுருதி ஒரு படி உயரத்தில். சரணம் வருவதற்குள் ஆண்கள் எல்லோரும் கீழ்க்குரலுக்கு இறங்கிவிடுவார்கள். வேதவாசிப்பு, சின்னதாக ஒரு தியானம், பிறகு ஜெபக்குறிப்பு. தம்பிக்கு வேலை உறுதியாகவில்லை, மருமகளுக்கு ஏழாம் மாதம், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார், அம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக வரும். ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொள்வார். ஆளுக்கொரு குறிப்பாக எடுத்து ஜெபிப்பார்கள். பரமண்டல ஜெபம் சொல்லி முடித்துக் காபி.

இதன் பலம் அந்த நோட்டில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைத் திறந்து, அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். ஞாயிறு ஆராதனையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது, ஆயருக்கு நானூறு ஐந்நூறு குடும்பம்.

அதைவிடப் பெரிய பலம் தூரம். பாடகர் குழுவில் உங்களுக்கு உயிர்த் தோழி கிடைக்கலாம், ஆனால் அவர் தாம்பரத்தில், நீங்கள் பெரம்பூரில். இரவு பதினோரு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் அவரால் போனில் அழத்தான் முடியும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற, உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காத அண்ணாச்சிதான் லுங்கியை மாற்றிக்கொண்டு காரை எடுத்து வருவார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. போன் வேலைசெய்யாத அந்த நாட்களில் பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும் கொண்டுவர முடிந்தது நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்களால்தான்.

குறைகளும் நிறைய. அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலாவது டிபன். ஒரு வீட்டில் காபியும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அடுத்த வீட்டில் கேசரி, போண்டா. அதற்கடுத்த வீட்டில் இடியாப்பமும் குருமாவும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, உபசரிக்கிற ஆசைதான். ஆனால் ஒற்றை அறையும் சமையலறையுமாக வாடகைக்கு இருக்கிற குடும்பம் தன் முறை வரும்போது, ‘அன்னைக்கு ஊருக்குப் போறோம் அக்கா’ என்று சொல்லி நழுவுகிறது. இரண்டு தடவை நழுவியபின் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. காபி, பிஸ்கட் தவிர எதுவும் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருக்கிற வட்டாரங்களில் கூட்டம் நீடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேரப்போகிற வட்டாரத்தில் இந்தக் கட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், வசதியுள்ளவராக இருந்தால், உங்கள் வீட்டு முறையில் பிஸ்கட்டோடு நிறுத்தி நீங்களே தொடங்கிவையுங்கள்.

இரண்டாவது, ஜெபக்குறிப்பு வெளியே போவது. மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனதைக் கண்ணீரோடு சொன்ன தாய், மூன்றாம் நாள் அதையே காய்கறிக் கடையில் வேறொருவர் வாயிலிருந்து கேட்டால், அதன்பிறகு அவருடைய ஜெபக்குறிப்பு ‘பொதுவா குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க’ என்றாகிவிடும். எல்லோரும் பொதுவாக ஜெபிக்கத் தொடங்கிய கூட்டம், கூட்டமாக நடக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு வட்டாரம் எப்படிப்பட்டது என்று அறிய எளிய வழி, முதல் இரண்டு கூட்டங்களில் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனிப்பது. பையன் குடிக்கிறான் என்று ஒரு தகப்பனால் அங்கே சொல்ல முடிகிறது என்றால் அந்த அறையை நம்பலாம். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி ‘ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்’ என்று தொடங்கினால், உங்கள் குறிப்பைக் கொஞ்ச நாள் உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சாதி. தமிழ்ச் சபைகளில் சாதி இருப்பதை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையை விட்டே போனவர்கள் பலர். இன்று ஒரே பெஞ்சில் உட்கார்கிறோம், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். வீட்டுக்குள் வரும்போதுதான் உண்மை தெரியும். வட்டாரக் கூட்டத்தில் உறுப்பினரைத் தீர்மானிப்பது விலாசம். ஊரும் உறவும் அங்கே கேட்கப்படுவதில்லை, அதனால் கலந்து வாழ நல்ல வாய்ப்பு அது. சொந்த ஊர்க்காரர்கள் மட்டும் கூடுகிற ஜெபக்குழுக்கள் மனதுக்கு இதமாக இருக்கும், அங்கே பேச்சும் சாப்பாடும் நம் வீடு மாதிரியே இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் ஒரே சாதிக் குழுக்களாகவே முடிகின்றன. அதை முதல் தேர்வாக எடுக்க வேண்டாம் என்பேன்.

வட்டாரக் கூட்டத்திலும் கண்ணைத் திறந்து பாருங்கள். சுற்று எல்லா வீட்டுக்கும் போகிறதா, இல்லை, ‘அங்கே இடம் போதாது’ என்று சில வீடுகள் தாண்டப்படுகின்றனவா? போன வீட்டில் கொடுத்த காபியை எல்லோரும் குடிக்கிறார்களா? இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்று சிலர் சில வீடுகளில் மட்டும் சொல்கிறார்களா? அப்படி நடந்தால் வட்டாரக் கூட்டத்தை ஒழுங்குசெய்கிற கன்வீனரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அந்த வீட்டில் போய் நீங்கள் காபி வாங்கிக் குடியுங்கள்.

மற்றவை சின்னச் சங்கடங்கள். வாடகை வீட்டில் மாடியில் இருந்துகொண்டு எட்டரை மணிக்குக் கைதட்டிப் பாடினால் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவுதான். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, ஒன்பதுக்குள் முடித்துவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. தியானம் கொடுக்கிறவர் நேரம் போவது தெரியாமல் பேசினால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் அடுத்த தடவை அம்மாவும் வரமாட்டார்.

ஐக்கிய சங்கங்கள்

பெண்கள் ஐக்கிய சங்கம், ஆண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் என்று வயதையும் பாலினத்தையும் வைத்துப் பிரிக்கிற குழுக்கள் நம் சபைகளில் பழமையானவை. இவற்றில் பெண்கள் சங்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன், ஒரே ஒரு காரணத்துக்காக. வீட்டு ஜெபக்கூட்டத்தில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். கணவன் அடிக்கிறான் என்பதை, அந்தக் கணவன் பைபிளோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் எப்படிச் சொல்வாள்? மாமியார் இருக்கையில் மருமகளோ, மருமகள் இருக்கையில் மாமியாரோ எதைச் சொல்ல முடியும்? பெண்கள் மட்டும் இருக்கிற இடத்தில், அதுவும் கூட்டம் முடிந்து ஆஸ்பத்திரிச் சந்திப்புக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆட்டோவில் போகும்போது, பல வருஷத்துச் சுமை வெளியே வரும். வீட்டில் அப்படியொரு சுமை இருக்கிற பெண்ணுக்கு என் வரிசை மாறும். அவர் முதலில் போக வேண்டியது பெண்கள் சங்கத்துக்கு.

ஆனால் பல சபைகளில் அது இன்னும் வார நாள் பகலில்தான் கூடுகிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. சனிக்கிழமை மாலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் மாற்றுவார்கள்.

வாலிபர் ஐக்கியம் டிசம்பரில் உயிர்பெறும். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸில் விடிய விடிய வேனில் சுற்றிய பிள்ளைகளுக்குள் ஏற்படுகிற நட்பு கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் நிற்கும். ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கோ பெண்ணுக்கோ டிசம்பர் நல்ல நுழைவாசல். ஜனவரியில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தொடர்வதைத் தீர்மானிக்கலாம். முப்பது வயதைத் தாண்டிக் கல்யாணம் ஆகாதவர்கள் வாலிபர் ஐக்கியத்திலும் பொருந்தாமல் குடும்பக் கூட்டத்திலும் பொருந்தாமல் நடுவில் நிற்கிறார்கள். அவர்களை எந்தச் சங்கமும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் மனத்தாங்கல். அவர்களுக்கு வட்டாரக் கூட்டம்தான் நல்லது, அங்கே வயது கேட்க மாட்டார்கள். ‘எப்ப கல்யாணச் சாப்பாடு?’ என்று கேட்பார்கள், அதை நிறுத்துகிற பொறுப்பு கன்வீனருக்கு.

சங்கங்களுக்கெல்லாம் தலைவர், செயலர், பொருளர் என்று பதவிகள் உண்டு. பதவி இருந்தால் தேர்தல், தேர்தல் இருந்தால் அணி. திருமண்டலத் தேர்தல், அதாவது பேராயரின் கீழுள்ள சபைகளுக்கெல்லாம் பொதுவான தேர்தல், நெருங்குகிற மாதங்களில் புதிதாகச் சேர்பவரை எல்லா அணியும் பாசத்தோடு வரவேற்கும். அந்தச் சமயத்தில் சேராமல், கொஞ்சம் பொறுத்துச் சேர்வது நிம்மதி.

பாடகர் குழுவும் ஞாயிறு பள்ளியும்

தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் வேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கூட்டத்தில் ‘சாட்சி சொல்லுங்க’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே வராதவர்கள். அவர்களுக்கு வேலை செய்கிற குழுதான் வழி. சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யும்போது பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

சனிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு வந்து பாருங்கள். கீபோர்டில் முதலில் சோப்ரானோவுக்கு (பெண்களின் மேல்குரல்) ராகத்தை வாசித்துக் காட்டுவார்கள். ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) அதுவரை மெதுவாகக் கதை பேசும். டெனரில் (ஆண்களின் மேல்குரல்) மூன்றே பேர் இருப்பார்கள், ஒருவர் வராவிட்டால் அந்த வரி காலியாகத் தெரியும். பழைய பாடகர்கள் மடித்து மடித்துக் கிழிந்த தாளில் சோல்ஃபா என்ற ஸ்வர எழுத்துகளைப் பார்த்து நாலு குரலிலும் பாடுவார்கள். அடுத்த பாட்டு வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையாக இருக்கும், அதற்குத் தாளே தேவையில்லை. நவம்பரில் கேரல் ஆராதனைக்கான பயிற்சி சூடுபிடித்துவிட்டால் வாரம் இரண்டு மூன்று நாள் கூடுவார்கள். நீங்கள் வராதது அன்றே தெரிந்து, பயிற்சி முடிவதற்குள் போன் வந்துவிடும். என் அளவுகோலின் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தக் குழுவிலும் கிடையாது.

முதல் கேள்விக்குத்தான் பதில் இல்லை. வருடக்கணக்கில் தோளோடு தோள் நின்று பாடியவர்கள், ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதை நிறையக் கண்டிருக்கிறேன். சில சபைகளில் பாடகர் குழு ஓரிரு குடும்பங்களின் சொத்துப் போலவும் இருக்கிறது. குரல் சோதனை என்ற பெயரில் புதியவர்களைத் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாமல் ஞாயிறு பள்ளிக்குப் போங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியராவதுதான் ஒரு சபையில் அறிமுகமாக மிகக் குறுகிய வழி. எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு யோசேப்பின் கதையைச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த வாரம் பத்துத் தாய்மார் உங்களுக்கு வணக்கம் சொல்வார்கள். ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை பாடம் தயாரிக்கக் கூடுகிற கூட்டமே ஒரு நல்ல சிறு குழு. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் நாட்களில் சார்ட் ஒட்டி, ஆக்‌ஷன் பாட்டு கற்று, ரஸ்னா கரைத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நெருக்கமாகிவிடுகிறார்கள். விலை என்னவென்றால் ஞாயிறு தவற முடியாது, சில சபைகளில் நீங்கள் ஆராதனையில் முழுசாக உட்காரவும் முடியாது. ஏற்கெனவே களைத்துப்போயிருப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். வகுப்பறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வேதபாட வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கற்றுக்கொள்ள நல்ல இடம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் ரோமர் நிருபம் ஒரு வருடம் போகும். ஆனால் ஒருவர் பேச மற்றவர்கள் குறிப்பெடுக்கிற வகுப்பில் அடுத்த நாற்காலிக்காரரின் பெயர் தெரியாமலே இருக்கலாம். படிப்புக்காகப் போங்கள், பழக்கத்துக்காக வேறு குழுவும் வேண்டும்.

2020 ஊரடங்கில் தொடங்கிய ஜூம் ஜெபங்கள் பல இடங்களில் இன்னும் நடக்கின்றன. விடியற்காலை ஐந்து மணி ஜெபத்தில் துபாயில் இருக்கிற மகனும் மார்த்தாண்டத்தில் இருக்கிற தாயும் ஒரே நேரத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. கைக்குழந்தைக்காரிகள், நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், படுக்கையில் இருக்கிற முதியவர்களுக்கு அது பெரிய ஆசீர்வாதம். வெளியே போய்வர உடம்பும் நேரமும் இருக்கிறவர்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டு போதுமென்று இருந்துவிடக் கூடாது.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும்

பெந்தெகொஸ்தே சபைகளில் செல் குரூப், கேர் செல் என்ற பெயரில் நடப்பதற்கு முன்மாதிரி தென்கொரியா. சியோல் நகரில் யாங்கி சோ என்ற போதகர் 1964-இல் வேலைப்பளுவால் உடல் தளர்ந்து விழுந்தபின், சபையைச் சிறு வீட்டுக்குழுக்களாகப் பிரித்துப் பெரும்பாலும் பெண்களைத் தலைவர்களாக வைத்தார். இந்தக் குழுக்களில் விசாரிப்பு எங்கள் கூட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் வராவிட்டால் லீடர் வீட்டுக்கே வருவார். கூட்டம் பெருத்துவிட்டால் குழுவை இரண்டாகப் பிரிப்பார்கள், பழகினவர்களைப் பிரிவது சிலருக்கு வேதனை தரும், அதற்குத் தயாராக இருங்கள். பார்க்க வேண்டியது, லீடரிடம் மாற்றுக் கருத்தைச் சொல்ல முடிகிறதா என்பது. நீங்கள் தனியாகச் சொன்ன காரியம் பாஸ்டருக்கு அறிக்கையாகப் போகிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடலாம். காணிக்கை எடுத்தால் கணக்கு எங்கே வாசிக்கப்படுகிறது என்றும் கேட்கலாம்.

கத்தோலிக்கர்களுக்கு விலாசம் வழியாக வருவது அன்பியம். தெருவை ஒட்டி இருபது முப்பது குடும்பங்கள், ஒரு புனிதரின் பெயர், வீட்டுக்கு வீடு செபமாலையும் இறைவார்த்தைப் பகிர்வும். லத்தீன் அமெரிக்காவில் ஏழைகளிடையே வளர்ந்த அடிப்படைச் சமூகங்களின் உறவு இது. நான் வட்டாரக் கூட்டத்தைப் பற்றிச் சொன்ன நன்மைகளும் குறைகளும் அப்படியே இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒரு சிக்கல், சில பங்குகளில் அன்பியம் திருவிழா வரி வசூலிக்கவும் திருப்பலிக்கு முறை வைக்கவும் மட்டும் பயன்படுகிற அலுவலகமாகிவிட்டது. பகிர்வு நடக்காத அன்பியத்தில் இருப்பவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம். கூடவே 1833-இல் பாரிசில் ஃபிரெடரிக் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில் சேரலாம். அங்கே உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்குப் போகிறார்கள். பேசத் தயங்குகிறவர்களுக்கு அது மிகப் பொருத்தம். 1921-இல் டப்ளினில் பிறந்த மரியாயின் சேனையிலும் வாரக் கூட்டமும் வீடு சந்திப்பும் உண்டு, ஒழுங்கு கொஞ்சம் கடுமை. அதை விரும்புகிறவர்கள் அங்கே நிலைத்திருக்கிறார்கள்.

சேர்வது எப்படி

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில் (ஆயரின் அறை) போய் உங்கள் தெருப் பெயரைச் சொல்லுங்கள். எந்த வட்டாரம், கன்வீனர் யார் என்று சொல்லிவிடுவார்கள். கன்வீனரிடம் பேசும்போது ‘ஒருநாள் வர்றோம்’ என்று நிறுத்தாமல், அடுத்த கூட்டம் என்றைக்கு, யார் வீட்டில் என்று தேதியோடு கேளுங்கள். முதல் தடவை குடும்பமாகப் போங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனால் ‘பிள்ளைங்க எங்கே?’ என்பதிலேயே பேச்சு போய்விடும். ஒரு கூட்டத்தை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். சுற்று மூன்று வீடாவது போனபிறகு அந்த வட்டாரத்தின் குணம் தெரியும். உங்கள் வீட்டில் வைக்க முறை கேட்டால் சோபா வரட்டும், பெயின்ட் அடிக்கட்டும் என்று தள்ளாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

விலக வேண்டியிருந்தால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறாமல் கன்வீனரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு விலகுங்கள். டிபனோ, வெளியே போன ஜெபக்குறிப்போ, தாண்டப்பட்ட வீடோ எதுவானாலும், அடுத்து வருகிற குடும்பத்துக்காவது அது சரியாகும்.

உங்கள் வட்டாரத்தில் கூட்டமே நடப்பதில்லை என்று பதில் வந்தால், இரண்டு குடும்பம் இருந்தால் தொடங்கிவிடலாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் அதற்கு நல்ல சமயம், நாற்பது நாளும் வீடுகளில் கூட மனம் ஒப்புகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் தெருவில் சபைக் குடும்பங்கள் எவை என்று தெரியாவிட்டால் வாலிபர் ஐக்கியச் செயலரிடம் போன டிசம்பரின் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியலைக் கேளுங்கள். எந்தத் தெருவில் எந்த வீடு, எத்தனாவது மாடி, வாசலில் நாய் உண்டா என்பதுவரை அதில் எழுதியிருக்கும்.